பென்ரோர்ச் பற்றரியும் ஓர் உடன்படிக்கையும்

கடந்த மாதம் மட்டக்களப்பு நகரில் ரோர்ச் லைற் ஒன்று வாங்குவதற்காகக் கடையொன்றுக்குச் சென்றிருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு நிற விளக்கொன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். பெட்டியின் மீது "1,00,000 லுமென்" என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

"தம்பி, இது உண்மைதானா?" என்று கேட்டேன்.

"பெட்டியில அப்படித்தான் போட்டிருக்கான், ஐயா. வெளிச்சம் நல்லா அடிக்கும்" என்றார்.

அவரது நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். பெட்டி சொல்வதற்கும் தாம் சொல்வதற்கும் இடையில் ஒரு கோடு கிழித்துவிட்டார். வாங்காமல் பஸ் ஏறி அமிர்தகழிக்குத் திரும்பினேன். வாவியோரமாக வரும்போது, இதே வாவியின் மறுகரைக்கு இரண்டு பென்ரோர்ச் பற்றரிகளைக் கொண்டுசெல்வது குற்றமாக இருந்த காலம் நினைவுக்கு வந்தது. அக்காலத்தை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை.

நமது பாடநூல்கள் ரோர்ச் லைற்றை 'மின்சூள்' என்று அழைத்தன. ஊரில் எவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஆயினும் நல்ல சொல். காய்ந்த ஓலைகளை இறுகக் கட்டிக் கொளுத்தினால் அது சூள். சூள் பிடித்து ஆழங்குறைந்த நீரில் நண்டும் இறாலும் தேடுவது கரையோரத் தமிழரின் பழைய தொழில். (சூள் என்பதற்குச் சபதம் என்றும் ஒரு பொருள் உண்டு. அகராதி புரட்டுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.) சூளுக்குப் பின் அரிக்கன் லாம்பும் பெற்றோமாக்ஸும் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது: வெளிச்சம் பிடிப்பவனையே முதலில் காட்டிக்கொடுக்கும். தான் இருளில் நின்றுகொண்டு எதிரே இருப்பதை மட்டும் பார்க்கும் வசதியை மனிதனுக்குத் தந்தது ரோர்ச் லைற்தான். பிற்காலத்தில் நமது மண்ணில் அது சந்தேகத்துக்குரிய பொருளாக மாறியதற்கும் இவ்வியல்பே காரணம்.

1899 ஜனவரி 10ஆம் திகதி டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் இதற்கான காப்புரிமை வழங்கப்பட்டது. கடதாசிக் குழாய் ஒன்றுக்குள் வரிசையாக மூன்று உலர் மின்கலங்கள், முனையில் ஒரு குமிழ், அதன் பின்னால் பித்தளைத் தெறிப்பி. இவ்வளவே அதன் அமைப்பு. அவ்வுரிமையைப் பெற்றுத் தொழிலை வளர்த்தவர் ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்த கொன்ராட் ஹூபர்ட். நியூயோர்க் பொலிசாருக்குச் சில விளக்குகளை அவர் அன்பளிப்பாகக் கொடுத்துப் பெயர் தேடிக்கொண்டார் என்பர். அன்றைய மின்கலங்கள் வலுவற்றவை. தொடர்ந்து எரியவிட முடியாது. விட்டுவிட்டு மின்னச் செய்ததால் அமெரிக்கர்கள் அதனை இன்றளவும் 'பிளாஷ் லைற்' என்றே அழைக்கின்றனர். ஹூபர்ட்டின் 'எவரெடி' என்ற பெயர் பின்னர் யூனியன் கார்பைட் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்த விஷவாயு வெளியேறிய ஆலையும், இந்தியாவில் எவரெடி பற்றரி தயாரித்ததும் ஒரே நிறுவனத்துக்குரியவை என்பதை இன்று பலர் அறியார்.

நம் பக்கத்தில் ரோர்ச் லைற் ஒரு குடும்பச் சொத்து. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில், வரி வரியாகக் குழாயில் கோடு விழுந்த வெள்ளித் தகட்டு ரோர்ச் இருந்த வீடு வசதியான வீடு. வயல் காவலுக்குப் போகும் இரவில் அயலவர் அதை இரவல் கேட்டு வருவர். பற்றரி தளர்ந்தால் வெயிலில் காயவைப்போம். சிறிது உயிர் திரும்பும். அது மூடநம்பிக்கை அல்ல. ஓய்வு கொடுக்கும்போது மின்கலத்தின் உள்ளே தேங்கிய விளைபொருட்கள் பரவி விலகுகின்றன. சூடு அதனைத் துரிதப்படுத்துகிறது. ஆனால் மின்கலத்தின் வெளிக்கூடாகிய நாகத் தகடே கரைந்து மின்னைத் தருவதால், பழைய பற்றரியை உள்ளேயே விட்டுவைத்தால் ஓட்டை விழுந்து திரவம் கசியும். சுருள்வில் பச்சை பூக்கும். அப்படிக் கெட்ட ரோர்ச்சுகளே அதிகம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டபோது, விடியும்வரை யார் எங்கே கிடக்கிறார்கள் என்று தேடியவர்களின் கையில் இருந்தவை மங்கிய மஞ்சள் ஒளி வீசிய அந்த ரோர்ச்சுகளே.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்கான பொருளாதாரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு விளக்கேற்றினர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். செய்தித் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் இது எனக்கு ஒருபோதும் மறக்காது. பற்றரியைத் தடுத்தால் செய்தியும் தடைப்படும். பீபீசி தமிழோசையைக் கேட்க ஒருவன் பெடல் மிதிக்க வேண்டியிருந்தது.

மட்டக்களப்பில் எல்லைக்கோடு வாவியேதான். சூரியன் எழும் கரை எழுவான்கரை, அது படும் கரை படுவான்கரை என்று நமது முன்னோர் அழகாகப் பெயரிட்டு வைத்தனர். போர் அவ்விரு பெயர்களுக்கும் வேறு அர்த்தம் கற்பித்தது: எழுவான்கரை பெரும்பாலும் இராணுவக் கட்டுப்பாட்டிலும், படுவான்கரை பெரும்பாலும் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வலையிறவுப் பாலத்தடியிலும் செங்கலடி கறுப்புப் பாலத்தடியிலும் பைகள் கொட்டிக் கிளறப்பட்டன. பிள்ளையின் பாடசாலைப் பைக்குள் கிடந்த பற்றரிக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். மறுகரையில் நெல் விதைத்தவன் இங்கிருப்பவனின் மைத்துனன். அவனுக்கு இரவில் பாம்பையும் பன்றியையும் காண வெளிச்சம் வேண்டும் என்பதை எந்தக் காவலரணும் கணக்கில் கொள்ளவில்லை.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்கவும் வேலுப்பிள்ளை பிரபாகரனும் கைச்சாத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கையை வாசித்தவர்கள் பலர். அதன் பின்னிணைப்பை வாசித்தவர்கள் சிலரே. இராணுவத் தேவைக்குரியவை அல்லாத பொருட்கள் தடையின்றிச் செல்லலாம் என்று உடன்படிக்கை கூறுகிறது. அதற்கான விதிவிலக்குகள் பின்னிணைப்பில் வருகின்றன: ஆயுதங்கள், வெடிபொருட்கள், தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள், முட்கம்பி, தொலைநோக்கிகள், திசைகாட்டிகள். கடைசியாக, பென்ரோர்ச் பற்றரிகள்! நோர்வேயின் அனுசரணையில் சமாதானம் எழுதப்பட்ட காகிதத்தில், வெடிபொருளோடு ஒரே பட்டியலில் விரல் பருமனுள்ள மின்கலம் ஒன்று இடம்பிடித்தது. வெடிகளை இயக்கவும் தொடர்பாடல் கருவிகளுக்கும் அது உதவும் என்பதே தடைக்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயம் முற்றிலும் பொய் என்று நான் கூறமாட்டேன். ஆனால் ஒரு நாட்டில் இரு தரப்பினருக்கும் இடையிலான நம்பிக்கை எந்த அளவில் இருந்தது என்பதை அறிய விரும்பும் வரலாற்று மாணவர், உடன்படிக்கையின் முகவுரையை விட்டுவிட்டு இவ்வொரு வரியைப் பார்க்கலாம்.

2007 ஜூலையில் குடும்பிமலை வீழ்ந்ததுடன் படுவான்கரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகியது. பற்றரித் தடையைப் பற்றி அதன்பின் பேசுவாரில்லை.

இதற்கிடையில் ரோர்ச் லைற்றே உருமாறிவிட்டது. 1990களில் ஜப்பானில் நீல நிற ஒளி உமிழும் இருவாயி கைகூடியது. அதிலிருந்தே வெள்ளை எல்ஈடி பிறந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 1991இல் சொனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லிதியம் அயன் மின்கலம் மற்றப் பாதி. 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் மூழ்கியபோது, இவ்விரண்டின் அருமையும் எல்லோருக்கும் விளங்கியது.

அந்த ஒரு லட்சம் லுமெனுக்கு வருவோம். 2009இல் அமெரிக்காவில் கைவிளக்குகளுக்கென ஒரு தரநிர்ணயம் வகுக்கப்பட்டது. அதன்படி ஒரு விளக்கின் எறிதூரம் என்பது, அதன் ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குத் தணியும் தூரம். அதாவது, ஏறக்குறைய தெளிந்த வானத்துப் பூரண நிலவின் வெளிச்சம். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கத் தோணியில் போகிறவர்களுக்கு அந்த அளவு நன்கு பழக்கமானது. 10,000 கண்டெலா செறிவுள்ள விளக்கு 200 மீற்றர் எறியும். தூரத்தை இரட்டிக்க வேண்டுமாயின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். ஆகவே பெட்டியில் லுமெனை மட்டும் எழுதி, தூரத்தையும் எரியும் நேரத்தையும் எழுதாதவனை நம்ப வேண்டியதில்லை. '18650' என்று அழைக்கப்படும் மின்கலத்தின் மீது 9900 மில்லி அம்பியர் மணி என்று ஒட்டியிருந்தால் அதுவும் பொய். அந்த அளவு மின்கலத்தில் மிகச் சிறந்தவையே 3500ஐச் சற்றுத் தாண்டுகின்றன. பூட்டும் மரையில் இறப்பர் வளையம் இருக்கிறதா என்றும் திறந்து பார்க்க வேண்டும்; உப்புக்காற்று வீசும் ஊரில் அதுவே முக்கியம். படுவான்கரையில் இன்று யானைக் காவலுக்குப் போகும் விவசாயிக்குப் போலித் தரவு வெறும் ஏமாற்றமன்று. இருநூறு மீற்றரில் தெரிய வேண்டிய யானை ஐம்பது மீற்றரில் தெரிந்தால் ஓட நேரமிராது.

இரண்டு வாரம் கழித்து வேறொரு கடையில் நல்ல விளக்கொன்று கிடைத்தது. பெட்டியில் 1,000 லுமென் என்றுதான் இருந்தது. எறிதூரமும் எரியும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தன. அன்றிரவு வாவிக்கரைக்குச் சென்று நீர்ப்பரப்பின் மீது அடித்துப் பார்த்தேன். ஒளி கண்டல் மரங்களைத் தாண்டித் தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு தோணியின் மீது விழுந்தது.

"ஆரது?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

பதில் சொல்வதற்கு முன்பே எனது கை விளக்கைத் திருப்பி என் முகத்தில் அடித்துக் காட்டியது. காவலரண்களின் முன்னால் பழகிய கை அது.

"ஓ, நீங்களா ஐயா" என்றுவிட்டு அவர் வலையை இழுக்கத் தொடங்கினார்.