ஊன்றுகோல் இழிவன்று

உறையூரில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், முழங்கால் வலியால் ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மகன் வாங்கித் தந்த கைத்தடி மூலையில் கிடக்கிறது. "ஊர் என்ன நினைக்கும்?" என்பதே அவர் கவலை.

வரலாறோ வேறு சொல்கிறது. தம் கைத்தடியைக் குறித்து அல்லாஹ் வினவியபோது, மூஸா (அலை) அவர்கள் அதன் பயன்களுள் முதலில் கூறியது, அதன்மீது ஊன்றிக்கொள்வதையே (20:18). நபி (ஸல்) அவர்கள் முதுமையில் உடல் கனத்தபோது, தொழுமிடத்தில் தூண் ஒன்றை அமைத்துச் சாய்ந்துகொண்டதாக உம்மு கைஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது.

நம் நாட்டிலும் இதற்கொரு வரலாறு உண்டு. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் மலிவான ரப்பர் பாதத்தை உருவாக்கினர். வெறுங்காலுடன் நடக்கவும் தரையில் சம்மணமிடவும் அது உதவியது. 1972இல் கான்பூரில் அலிம்கோ என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. 2017 ஏப்ரல் 1இல் நெல்லூரில் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தின்கீழ், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது நிறைந்தோருக்குக் கைத்தடியும் வாக்கரும் அந்நிறுவனம் வழியாக இலவசமாக வழங்கப்படுகின்றன.

கைத்தடியின் பிடி, நிமிர்ந்து நிற்கையில் மணிக்கட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் ரப்பர் முனை வேண்டும். வலியில்லாத காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்.

நம் அத்தா, அம்மாவின் கையில் அதனைக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், பள்ளிவாசல் வரை உடன் நடப்போம். அவர்களின் கூச்சம் அவ்வழியிலேயே நீங்கும், இன்ஷா அல்லாஹ்.