கம்ப்யூட்டர் ஓட்டுதா, ஆள் ஓட்டுறானா?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தங்கமணி அடை வார்த்துக்கொண்டிருக்க, நானும் பையனும் மோட்டோஜிபி பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சொன்னான்: "இதெல்லாம் ரேஸே இல்லப்பா. கம்ப்யூட்டர் ஓட்டுது, இவங்க சும்மா மேல உக்காந்திருக்காங்க. பழைய 500 சிசி வீடியோ பாருங்க, அதுதான் ரேஸ்."

அதோடு விட்டானா? காலேஜ் சேர்ந்தாச்சு, வண்டி வேணும். புது வண்டி வேண்டாமாம், எங்கேயாவது தேடிப்பிடித்து ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 வேணுமாம். "எலக்ட்ரானிக்ஸ் இல்லாத நிஜ வண்டி"யாம். எனக்கு அடை தொண்டையில் இறங்கவில்லை.

(டிஸ்கி: நான் பி.காம். படித்த வங்கி ஆசாமி. எஞ்சின் என் பாடம் இல்லை. ஆனால் இருபது வருஷமாக விடாமல் பந்தயம் பார்ப்பவன்.)

சரி, பையன் சொல்லும் பொற்காலத்துக்கு ஒரு கொசுவத்தி சுத்துவோம். 2001 வரை பெரிய பிரிவில் ஓடியவை 500 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். ஆர்எக்ஸ் ஓட்டியவர்களுக்கு அந்தக் குணம் தெரியும். கொஞ்ச நேரம் சாதுவாக இருக்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று பிய்த்துக்கொண்டு போகும். ஆர்எக்ஸ் 100-க்கு 11 குதிரைசக்தி. 90-களின் பந்தய வண்டிக்கு 180-ஐ ஒட்டி, அதுவும் 130 கிலோ எடையில்!

வளைவில் சாய்ந்தபடி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அதிகம் திருகினால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து பக்கவாட்டில் சறுக்கும். பயந்துபோய் சட்டென்று குறைத்தால் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும், வண்டி நிமிர்ந்து ஓட்டுபவரைத் தூக்கி எறியும். இதற்கு ஹைசைடு என்று பெயர். அந்தக் காலத்தில் இதில் எலும்பு முறியாத வீரரைத் தேடத்தான் வேண்டும்.

1992-ல் மிக் டூஹன் பட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். ஆஸன் பயிற்சியில் விழுந்து கால் முறிந்தது, காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலை. டாக்டர் கோஸ்டா அவரைத் தன்னிடம் கொண்டுபோய், ரத்த ஓட்டத்துக்காக இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் காப்பாற்றினார். டூஹன் அந்த வருஷப் பட்டத்தை 4 புள்ளியில் வெய்ன் ரெய்னியிடம் இழந்தார். அந்த ரெய்னி? மூன்று முறை உலக சாம்பியன். 1993 செப்டம்பரில் மிஸானோவில், பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது விழுந்தார். அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

பையன் பார்க்கும் வீடியோக்களில் இந்தக் கணக்கின் பற்றுப் பக்கம் வருவதில்லை.

இன்னொரு விஷயம். ஓட்டுபவருக்கு உதவி என்பது கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. 1992-ல் ஹோண்டா "பிக் பேங்" எஞ்சினைக் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர்களும் கிட்டத்தட்ட ஒன்றாக வெடித்துவிட்டு சற்று ஓய்வு கொடுக்கும். அந்த இடைவெளியில் டயர் பிடிமானத்தை மீட்டுக்கொள்ளும். ஒரு ஒயர்கூட இல்லாத டிராக்‌ஷன் கன்ட்ரோல்! மற்ற கம்பெனிகளும் ஓடிவந்து காப்பியடித்தன. டூஹன் 1997-ல் வேண்டுமென்றே பழைய முரட்டு எஞ்சினுக்குத் திரும்பினார், 15 பந்தயங்களில் 12 ஜெயித்தார் என்பது தனிக்கதை. நொண்டிக் காலோடு 1994 முதல் 1998 வரை ஐந்து பட்டம் எடுத்த மனுஷன் அவர்.

2002-ல் 990 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. கூடவே எலக்ட்ரானிக்ஸும் வளர்ந்தது. முன்சக்கர வேகத்தையும் பின்சக்கர வேகத்தையும் சென்சார் ஒப்பிட்டுப் பார்க்கும். பின்சக்கரம் அளவுக்கு மீறிச் சுழன்றால் கண் இமைப்பதற்குள் எஞ்சினின் சக்தி குறைக்கப்படும். 2007-ல் எஞ்சின் 800 சிசி ஆனது, பெட்ரோல் 21 லிட்டர்தான் என்று விதி வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வேலையும் கம்ப்யூட்டர் தலையில். பணக்கார கம்பெனிகள் வளைவுக்கு வளைவு தனிக்கணக்குப் போட்டு வைத்தன. பல பந்தயங்கள் ஊர்கோலம் போல ஆயின. பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றால் அது இந்தக் காலத்துக்குத்தான்.

ஆனால் அப்போதும் பாருங்கள். 2007-ல் கேசி ஸ்டோனர் டுகாட்டியில் 10 பந்தயம் ஜெயித்து சாம்பியன் ஆனார். அதே அணியில், அதே டுகாட்டியில் கபிரோஸி ஜெயித்தது 1. பிறகு 2011, 2012 இரண்டு வருஷம் சாட்சாத் வாலன்டினோ ரோஸியே டுகாட்டிக்குப் போனார். ஒரு வெற்றிகூட இல்லை. கம்ப்யூட்டர்தான் ஓட்டியது என்றால் ரோஸியை மட்டும் அதற்குப் பிடிக்காமல் போய்விட்டதா? :-)

நான் வங்கியில் சேர்ந்த புதிதில் எங்கள் கிளையில் ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். பேலன்சிங் டாலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் "எவனோ 54-ஐ 45-ன்னு போட்டிருக்கான்" என்று நேராக லெட்ஜரில் விரலை வைப்பார். கோர் பேங்கிங் வந்தது, அந்த வித்தைக்கு வேலை போயிற்று. எனக்கும் வருத்தம்தான். ஆனால் 27 ரூபாய்க்காக ராத்திரி பதினொரு மணிவரை யாரும் உட்காருவதில்லை. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று ஆளைப் பார்த்து எடைபோடும் வேலை மட்டும் இன்றும் மனுஷனிடம்தான் இருக்கிறது. பந்தயத்திலும் அப்படித்தான். மணிக்கட்டில் இருந்த திறமையில் ஒரு பகுதி, எங்கே பிரேக் பிடிப்பது, கடைசி சுற்றுவரை டயரை எப்படிக் காப்பது என்பதற்கு இடம் மாறியிருக்கிறது.

2016-ல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எலக்ட்ரானிக்ஸை ஒழிக்கவில்லை. எல்லா அணிக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே மென்பொருள், அதுவும் கம்பெனிகள் வைத்திருந்ததைவிட எளிமையானது. பெட்ரோலும் 22 லிட்டர். அந்த ஒரு வருஷத்தில் ஒன்பது வெவ்வேறு பேர் ஜெயித்தார்கள்! (மழைக்கும் புதிதாக வந்த மிஷெலின் டயருக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை.) ஆக, உதவி இருந்ததல்ல ஆட்டத்தைக் கெடுத்தது. காசு உள்ளவனுக்கு மட்டும் நல்ல உதவி கிடைத்ததுதான் கெடுத்தது.

"ஃபார்முலா 1-ல 2008-லயே டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தூக்கிட்டாங்களே?" என்றான். தூக்கலாம்டா. காரில் பின்சக்கரம் சறுக்கினால் கார் சுற்றிக்கொண்டு நிற்கும். பைக்கில் ஆள் பறப்பான்.

இன்றைக்கு முந்துவது கஷ்டமாக இருப்பதற்கு, வண்டி முழுக்க முளைத்திருக்கும் இறக்கைகளும், வண்டியைத் தரையோடு தாழ்த்தும் கருவிகளும்தான் முக்கியக் காரணம். அந்தத் தாழ்த்தும் கருவிகளில் எலக்ட்ரானிக்ஸே கிடையாது! 2024-ல் அறிவித்த விதிகளின்படி 2027 முதல் அவற்றுக்குத் தடை, இறக்கைகளுக்கும் கத்தரி.

2023-ல் டெல்லியில் போஸ்டிங்கில் இருந்தபோது இருவரும் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டுக்குப் போனோம். பெஸெக்கி ஜெயித்தார். வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் படபடவென்று வெட்டி வெட்டிக் கேட்கும், அதுதான் கம்ப்யூட்டர் குறுக்கிடும் சத்தம். இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின் வெயிலில் துவண்டு விழுந்ததையும் நினைவுபடுத்தினேன். சும்மா உட்கார்ந்து வந்தவனுக்கு எதற்கடா அந்தக் கதி?

கடைசியாக எங்கள் சித்தப்பா. திருச்சியில் அவரிடமும் ஒரு ஆர்எக்ஸ் 100 இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயசு. மழையில் பிரேக் அடித்தார், பின்சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். காலில் கம்பி வைத்தார்கள். இன்றும் சாய்ந்துதான் நடப்பார். மோட்டோஜிபி வண்டிகளில் ஏபிஎஸ் கிடையாது, அங்கே பிரேக் இன்னமும் விரலின் வேலை. ஆனால் நம் ரோட்டில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம். காரணம் சித்தப்பாவைப் போன்றவர்கள்தான்.

ராத்திரி அவருக்கே போன் போட்டுப் பையனிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் கேட்டது: "வண்டி மேல பழி போடாதடா, அது தங்கம். அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆனா உங்கப்பன் சொல்ற வண்டியையே வாங்கிக்கோ. எனக்கு மாடிப்படி ஏற அஞ்சு நிமிஷம் ஆகுது."

பையன் ஒன்றும் பேசவில்லை. காலையில் பார்த்தால், டைனிங் டேபிளில் ஒரு ஏபிஎஸ் வண்டியின் விலைப்பட்டியல். அடுத்த கவலை எனக்கு ஆரம்பம்: அதன் ஈஎம்ஐ.