கையொப்பமும் திறவுகோலும்

தோட்டப்புறப் பள்ளியில் நான் ஆசிரியப் பணி தொடங்கிய நாள்களில், பேரப்பிள்ளைகளைச் சேர்க்க வரும் பாட்டிமார் சிலர் பதிவேட்டில் கைநாட்டு வைப்பர். மை படிந்த பெருவிரலை ஊன்றும்போது அவர்தம் முகத்தில் தோன்றும் கூச்சத்தைக் கண்டிருக்கின்றேன். ஆயினும் அக்கைநாட்டைப் பொய்யாக்குதல் எளிதன்று. கையெழுத்தோ பார்த்தெழுதப் பழகியவர்க்கு வசப்பட்டுவிடும். மின்னஞ்சல் வந்தபோது இவ்விரண்டுமே இல்லாமற் போயின. அனுப்புநர் பெயராக எப்பெயரையும் இடலாம் என்பதே அதன் பழைய அமைப்பு.

இக்குறையை அறிஞர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1976-இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் எனும் அமெரிக்கர் இருவர், ஒரே சாவியால் பூட்டித் திறக்கும் பழைய மறைமொழி முறைக்கு மாறாக, இணைந்த இரு திறவுகோல்களைக் கொண்ட முறையை முன்மொழிந்தனர். ஒன்றை ஊரறிய வெளியிடலாம். மற்றொன்றை உரியவர் மட்டுமே காத்தல் வேண்டும். இதற்குச் செயல்வழி கண்டவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர். 1978-இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை, மின்னஞ்சற் காலம் விரைவில் வரக்கூடும் என்ற எண்ணத்தோடேயே தொடங்குகின்றது. (பிரித்தானிய அரசின் மறைமொழித் துறையில் கிளிஃபர்டு காக்ஸ் 1973-லேயே இத்தகைய முறையைக் கண்டிருந்தார், 1997 வரை உலகம் அதை அறியவில்லை.)

கையொப்பம் உண்டாகும் விதத்தை மாணவர்கள் அறிதல் நன்று. மடல் முழுவதிலிருந்தும் கணினி ஒரு சுருக்க எண்ணைப் பிழிந்தெடுக்கும். ஒரு காற்புள்ளி மாறினும் அவ்வெண் மாறிவிடும். அவ்வெண்ணின்மீது அனுப்புநரின் தனித்திறவுகோல் செயற்பட்டுப் பிறப்பதே கையொப்பம். பெறுநரின் கணினி, பொதுத்திறவுகோலைக் கொண்டு அதனைச் சரிபார்க்கும். தாளிலிட்ட கையொப்பத்தை வெட்டி வேறு தாளில் ஒட்டிவிடலாம். இதனை வேறு மடலில் ஒட்ட வழியில்லை.

ஆனால், அப்பொதுத்திறவுகோல் இன்னாருடையதுதான் என்பதற்கு யார் சாட்சி? டிஃபியும் ஹெல்மனும் ஒரு பொதுப் பட்டியலை எண்ணினர். ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தேடிச் செல்வது பெருஞ்சுமை. அதனை நீக்க வழி கூறியவர் ஒரு மாணவர் என்பது நம் மாணவர்க்கு உவகை தரும். லாரன் கோன்ஃபெல்டர் 1978-இல் தம் இளங்கலை ஆய்வேட்டில், பெயரையும் பொதுத்திறவுகோலையும் இணைத்து, நம்பத்தக்க ஒருவர் ஒப்பமிட்டு வழங்கும் சான்றிதழ் எனும் கருத்தை வெளியிட்டார். இன்று கணினியில் சேமித்து வைக்கப்படும் சான்றிதழ் அதன் வழிவந்ததே. அதற்கு இணையான தனித்திறவுகோலும் கணினியிலோ சிறு அட்டையிலோ காக்கப்படுகின்றது. மடல் அனுப்பும்போது மென்பொருள் அதனைக் கொண்டு கையொப்பமிடுகின்றது.

மலேசியா 1997-இல் மின்னிலக்கக் கையொப்பச் சட்டத்தை இயற்றி, 1998 அக்டோபர் முதல் நாள் நடைமுறைப்படுத்தியது. சட்டப்படி உரிய சான்றிதழோடு இடப்படும் மின்னிலக்கக் கையொப்பம், கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் நிகராகக் கட்டுப்படுத்தும் என்கின்றது அது. அப்பாட்டிமாரின் பெருவிரலுக்கும் அங்கு இடமிருக்கக் கண்டு என் மனம் நெகிழ்ந்தது. தனித்திறவுகோலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக் காக்கும் கடமையைச் சான்றிதழ் பெற்றவர்மீதே அச்சட்டம் சுமத்துகின்றது.

இங்குத்தான் நம்மவர் தடுமாறுகின்றனர். வெளியூர் செல்லும்போது வெற்றுத்தாள்களில் கையொப்பமிட்டு எழுத்தரிடம் கொடுத்துச் சென்ற தலைமையாசிரியர் ஒருவரை நான் அறிவேன். ஐந்து தாள் கொடுத்தால் ஐந்து மடலே எழுத இயலும். திறவுகோலையும் அதன் கடவுச்சொல்லையும் கொடுத்தவர்க்கோ தாளின் கணக்கே இல்லை. சரிபார்க்கும் கணினி, கை எவருடையது என்று கேட்பதும் இல்லை. திறவுகோல் பிறர் கைப்பட்டதென ஐயம் எழுந்தால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் கூறி அதனை விலக்கச் செய்யலாம். அதற்குமுன் சென்ற மடல்களோ அவர் பெயரிலேயே நிற்கும்.