அப்பலாச்சிய மலையின் சிரிப்புக் கதைகள்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில் கதை சொல்வது நெடுங்காலம் வீட்டு வேலையோடு சேர்ந்தே நடந்தது. குளிர்காலத்துக்காக பீன்ஸைக் கோத்து உலர வைப்பது மலைக் குடும்பங்களின் வழக்கம். பிள்ளைகள் சலித்து எழுந்து ஓடாமல் நார் உரித்துக்கொண்டிருக்க, பெரியவர்கள் கதை சொன்னார்கள். வேலை முடியும்வரை கதையும் நீளும்.

அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றின் நாயகன் ஜாக். வறிய வீட்டின் இளைய பையன். சோம்பேறி என்று பெயரெடுத்தவன். ஆனால் அரக்கனையும் அரசனையும் சமயோசிதத்தால் ஏய்த்துவிடுவான். பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் இக்கதைகளைக் கொண்டுவந்தனர். மலையில் அவை உருமாறின. அரசன் பண்ணைக்கார முதலாளியைப் போல வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஜாக்குக்குக் கூலி வேலை கொடுத்தான். வட கரோலினாவின் பீச் மலைப் பகுதியில் ஹிக்ஸ், ஹார்மன், வார்ட் குடும்பங்களில் இக்கதைகள் தலைமுறைகளாக வழங்கின. ரிச்சர்ட் சேஸ் அவற்றைத் திரட்டி, பல வடிவங்களைக் கலந்து எழுதி, 1943இல் ‘ஜாக் டேல்ஸ்’ நூலாக வெளியிட்டார்.

வீட்டுக்குள் இருந்த வழக்கம் மேடைக்கு வந்தது 1973இல். இடம், டென்னசி மாநிலத்தின் மிகப் பழைய ஊரான ஜோன்ஸ்பரோ; 1779இல் அமைந்தது. அப்பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜிம்மி நீல் ஸ்மித், மாணவர்களுடன் காரில் போகும்போது, மிசிசிப்பியின் நகைச்சுவைக் கலைஞர் ஜெர்ரி கிளவர் சொன்ன ரக்கூன் வேட்டைக் கதையை வானொலியில் கேட்டார். இப்படிப்பட்ட கதைசொல்லிகளை ஊருக்கே அழைத்தால் என்ன என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அக்டோபரில் முதல் விழா நடந்தது. நீதிமன்றத்துக்கு அருகே நிறுத்தப்பட்ட பழைய பண்ணை வண்டிதான் மேடை. கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய 60 பேர். பீச் மலையின் கதைசொல்லி ரே ஹிக்ஸ் (1922–2003) தொடக்கத்திலிருந்தே இவ்விழாவோடு சேர்த்துப் பேசப்படுபவர். 1983இல் அவருக்குத் தேசியப் பாரம்பரியக் கலை விருது கிடைத்தது. விழாவோ ஆண்டுதோறும் பெரிய கூடாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடும் நிகழ்வாக வளர்ந்தது.

மேடை வந்தபின் கதையின் நாயகனும் மாறினான். ஜாக் இருந்த இடத்தில் கதைசொல்லியின் சிறுவயது ‘நான்’ வந்து நின்றது. இம்மாற்றத்தில் முன்னால் நின்றவர் டொனால்ட் டேவிஸ். வட கரோலினாவின் வெய்ன்ஸ்வில் என்ற மலையூர்ப் பகுதியில் 1944இல் பிறந்தவர். மெதடிஸ்ட் போதகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியபின் முழுநேரக் கதைசொல்லியானார். உறவினர்கள், பள்ளி ஆசிரியர்கள், அண்டைவீட்டார் ஆகியோரே அவருடைய கதைமாந்தர். ‘செய்யாதே’ என்று சொன்னதைச் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளும் சிறுவனைச் சுற்றி இவ்வகைக் கதை சுழலும். அரக்கனுடைய வேலையை இங்கே பள்ளியும் பெற்றோரின் கண்டிப்பும் செய்கின்றன. வேறுபாடு ஒன்று உண்டு: ஜாக் வென்றுவிடுவான், இந்தச் சிறுவனோ தோற்பான். அந்தத் தோல்வியை வளர்ந்தபின் அவனே சொல்வதால்தான் சிரிப்பு வருகிறது. ஊர் சிறியது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் எந்தக் குறும்பும் மறைவதில்லை. கதைக்கு அது கூடுதல் வசதி.

இதற்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு மரபு சரடு விடுதல். மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் நடக்கும் வேண்டேலியா விழாவில் பொய்யர் போட்டி உண்டு. வென்றவருக்குத் தங்க மண்வெட்டி. அதை ஐந்து முறை வென்ற பில் லெப், நம்பும்படியான சிறுவயதுச் சம்பவத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல நடக்கவே முடியாத ஒன்றுக்குக் கேட்பவரை இட்டுச்செல்வார்.

ஜோன்ஸ்பரோவில் 18ஆம் நூற்றாண்டின் செஸ்டர் விடுதியை ஒட்டி, கதைசொல்லலுக்கென்றே ஒரு பன்னாட்டு மையம் 2002இல் திறக்கப்பட்டது. அவ்வூர் விழா இன்றும் அக்டோபர் தொடக்கத்திலேயே நடக்கிறது.