சாம்பவர்வடகரையிலிருந்து பரோடா வரை

இந்த வருஷம் சாரல் முந்தியே வந்துவிட்டது. ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து துண்டை உலர்த்திக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து மகள் போன் பண்ணினாள். கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் மனக்கஷ்டம், மேலதிகாரியோடு உரசல், வேலைச் சுமை இதையெல்லாம் கேட்டு வழி சொல்வது அவள் உத்தியோகம். தொழிலக உளவியல் என்று பெயர். அந்தத் துறைக்காரர்களுக்கு டெல்லியில் மூன்று நாள் மாநாடு. ஆபீஸில் லீவு கொடுப்பார்கள், செலவு கொடுக்க மாட்டார்கள். "எல்லாம்தான் மொபைல்லயே வருதே, இவ்வளவு ரூபாய் போட்டு எதுக்குப் போகணும்னு உங்க மாப்பிள்ளை கேக்கறார். நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்றாள்.

"போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் போனில் விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தென்காசியிலிருந்து ஆய்க்குடி தாண்டிப் போனால் சாம்பவர்வடகரை. அந்த ஊரில் 1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அங்கேயே வாத்தியார் வேலை பார்த்து, வயலினும் கற்றுக்கொண்டவர். பிறகு மனைவியோடு தஞ்சாவூருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தார். சித்த வைத்தியம் கைகொடுத்ததும் வாத்தியார் வேலையை விட்டார். அவருடைய மருந்துகள் நன்றாக விற்றன. ஊருக்கு வெளியே தோட்டம், சொந்த அச்சுக்கூடம் என்று வளர்ந்தார். 1909இல் ராவ் சாகிப் பட்டமும் வந்தது.

ஆனால் அவர் மனம் கிடந்தது சங்கீதத்தில். அங்கே அவர் யார்? தஞ்சாவூர் சங்கீதம் பரம்பரை பரம்பரையாகச் சில குடும்பங்களின் கையில், கோயிலையும் அரண்மனையையும் ஒட்டி வளர்ந்தது. இவரோ தெற்கேயிருந்து வந்த வைத்தியர், கிறிஸ்தவர். இவர் பிறந்த நாடார் சமூகத்து இந்துக்களுக்குக் கமுதிக் கோயிலுக்குள் நுழைய உரிமையில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1908இல்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில், "சுருதிக் கணக்கை நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள்" என்று இவர் சொன்னால் வித்வான்கள் காது கொடுப்பார்களா?

அவர் சொன்ன விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்பது நெடுங்காலமாக வரும் கணக்கு. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஆயப்பாலையில் ஸ்தாயி 12 சமபாகமாகிறது. வட்டப்பாலையில் ஒவ்வொரு பாகமும் இரண்டாகி 24 ஆகிறது. ஆகவே பழந்தமிழர் கணக்கு 24 என்பது அவர் முடிவு.

வீட்டில் உட்கார்ந்து புத்தகமாக எழுதி, தம் அச்சுக்கூடத்திலேயே அடித்து விற்றிருக்கலாம். பணமும் இருந்தது. ஆனால் அவர் முதலில் செய்தது வேறு. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, தஞ்சாவூரில் மாநாடு கூட்டினார். வித்வான்களையும் படித்தவர்களையும் வரவழைத்துப் பேச வைத்தார். செலவு அவருடையது. 1914க்குள் இப்படி ஆறு மாநாடுகள். சென்னையில் மியூசிக் அகாடமி தோன்றியது 1928இல் என்பதை நினைத்துப் பாருங்கள். தமக்கென்று நாற்காலி போடாத சபையில் நின்றுகொண்டிருக்காமல், தாமே பந்தல் போட்டு எல்லாரையும் உட்கார வைத்தார் மனிதர்.

1916இல் பரோடா மகாராஜா ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தது. பண்டிதர் ரயிலேறிப் போனார். பெண்கள் சபையில் ஏற யோசிக்கும் அந்த நாளில், தம் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் கணக்கைச் சொன்னார், அவர்கள் இசைத்துக் காட்டினார்கள். எல்லாரும் தலையாட்டிவிடவில்லை. சுருதிச் சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் மறுப்பவர்கள் முகத்துக்கு நேராக மறுத்தார்கள், இவரும் பதில் சொன்னார். அடுத்த வருஷமே, 1917இல், ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. இத்தனை சபைகளில் அடிபட்டுத் தேறிய வாதம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. 1919இல் பண்டிதர் காலமானார்.

மகளின் துறையிலும் இதே கதை உண்டு. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பின்னாளில் ஃபனோன் எழுதியதைப் பிரெஞ்சிலேயே படித்தேன். மார்த்தினிக் தீவுக்காரர், அல்ஜீரியாவில் மனநல மருத்துவர். 1956 செப்டம்பரில் பாரிஸ் சொர்போன் பல்கலைக்கழகத்தில் கருப்பின எழுத்தாளர்கள், கலைஞர்கள் மாநாடு கூடியபோது அங்கே போய் இனவெறியைப் பற்றிப் பேசினார். அமெரிக்காவில் 1968இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் உளவியலாளர் சங்கத்தின் பெரிய மாநாடு நடந்தபோது, அங்கு வந்திருந்த கருப்பின உளவியலாளர்கள் தனியே கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளை அளவாக வைத்துச் செய்த புத்திப் பரீட்சையைக் கருப்பினப் பிள்ளைகளுக்கும் வைத்து மட்டம் தட்டுவதை அவர்கள் எதிர்த்தார்கள். தனித்தனியாக அவரவர் ஊரில் இருந்தவரை இது ஒவ்வொருவரின் மனக்குறை. ஒரே அறையில் உட்கார்ந்தபோது அது துறையின் கேள்வியாகிவிட்டது. 1971இல் பெரிய சங்கத்துக்கே கென்னத் கிளார்க் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கருப்பினத்தவர் அவர்.

என் அனுபவமும் ஒன்று உண்டு, சின்னது. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு இங்கிலீஷில் நோட் போடத் தடுமாற்றம். பிரெஞ்சுப் படிப்பு அப்படி. சூப்பிரண்டு நான் எழுதியதை எல்லார் முன்னாலும் படித்துச் சிரிப்பார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானே நம்பிவிட்டேன். ஒரு வருஷம் மதுரையில் குமாஸ்தாக்கள் மாநாட்டுக்கு அரைமனதாகப் போனேன். மேடைப் பேச்சு ஒன்றுகூட ஞாபகமில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வேறு ஜில்லாக்காரர். என் சர்வீஸ் விவரத்தைக் கேட்டுவிட்டு, "உமக்கு ஒரு இன்கிரிமென்ட் விட்டுப்போயிருக்கே ஓய்!" என்றார். எப்படி மனு எழுதுவது என்று அங்கேயே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். எட்டு மாதம் கழித்துப் பாக்கி வந்தது. பணத்தைவிடப் பெரிது, நான் தனியாள் இல்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம் சூப்பிரண்டு சிரித்தால் எனக்கு வலிக்கவில்லை.

மொபைலில் பேச்சைக் கேட்கலாம். பக்கத்து இலைக்காரர் அதில் வர மாட்டார். நாம் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பதை நேரில் சொல்லித் திருத்துகிறவரும் வர மாட்டார். இது எல்லாருக்கும் பொருந்தும். ஆனால் ஒரு துறைக்குள் குடும்பத்தில் முதல் ஆளாக நுழைந்தவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். பரம்பரையாக வந்தவனுக்கு வீட்டிலேயே மாநாடு. மற்றவன் டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பண்டிதர் பெண்களையும் கூட்டிட்டா போனார் மாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் சாயங்காலம் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. டெல்லிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. போட்டது மாப்பிள்ளையாம்.