நடமாடும் மீட்புக் குழு (விழுப்புரம், திண்டிவனம்)

நடமாடும் மீட்புக் குழு என்பது ஆட்கள், படகு, கருவிகள், மருந்து, உணவு எல்லாவற்றையும் தன்னோடு ஏற்றிச் சென்று, வெளியிலிருந்து உதவி வரும்வரை கையிருப்பைக் கொண்டே இயங்கும் அணி. புயல், வெள்ளம், தொற்றுநோய் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கண்ட விழுப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட அணிகளின் தேவை பலமுறை நேரில் உணரப்பட்டிருக்கிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டிக் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. இக்கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டாவது புயலை வைத்தே எழுதப்படுகிறது.

ஜாம்பிக் கற்பனை

இளைஞர்கள் பலர் இப்படியோர் அணியைப் பற்றிப் பேசத் தொடங்குவது ஜாம்பிக் கதைகளிலிருந்துதான். ஹைத்தி நாட்டின் நாட்டார் நம்பிக்கையில் பிறந்த ஜாம்பி, 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த திரைப்படத்துக்குப் பிறகு கூட்டமாக வந்து மனிதரைத் தின்னும் பிணமாக மாறியது. தமிழில் ‘நடைப்பிணம்’ என்ற சொல் வெகுகாலமாக உண்டு. ஆனால் நம் நடைப்பிணம் யாரையும் கடிப்பதில்லை, மனம் செத்துப்போய்த் திரிவதோடு சரி. கடிக்கிற வகை 2016இல் ‘மிருதன்’ படத்தோடு தமிழ்த் திரைக்கு வந்தது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய அந்தப் படத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் மருத்துவர் குழுவை ஊட்டியிலிருந்து கோவைக்கு அழைத்துச் செல்கிறார். அதுவும் ஒரு நடமாடும் குழுவின் கதைதான்.

அரசு நிறுவனங்களும் இந்தக் கற்பனையைப் பயன்படுத்தியிருக்கின்றன. 2011 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஜாம்பிப் படையெடுப்புக்குத் தயாராவது எப்படி என்று ஒரு குறிப்பு வெளியிட்டது. அதைப் படிக்க வந்த கூட்டத்தில் அந்தப் பக்கமே முடங்கியது. குடிநீர், கெடாத உணவு, வழக்கமான மருந்துகள், டார்ச், ரேடியோ, முக்கிய ஆவணங்கள் என்று அதிலிருந்த பட்டியல் அப்படியே புயலுக்கான பட்டியல். அதே ஆண்டில் அமெரிக்க ராணுவத்தின் ஒரு பிரிவு பயிற்சிக்காக ஜாம்பி எதிர்ப்புத் திட்டம் ஒன்றை எழுதியது. உண்மையான நாட்டின் பெயரைப் போட்டால் யாராவது நிஜத் திட்டம் என்று எண்ணிவிடுவார்கள் என்பதால்தான் ஜாம்பியைப் பகைவனாக வைத்தார்களாம். இலை தழை மட்டும் தின்னும் ஜாம்பிக்கும், கோழி ஜாம்பிக்கும்கூட அதில் இடமுண்டு.

இந்தக் கற்பனைகளில் ஒரு குறை உண்டு. கதையில் வண்டி இருந்தால் போதும், சாலை எப்போதும் திறந்தே கிடக்கும். விழுப்புரத்தில் முதலில் அறுந்துபோவது சாலைதான்.

நிலமும் வழிகளும்

திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது. சென்னையிலிருந்து வரும் ஜிஎஸ்டி சாலை இங்கே பிரிகிறது. ஒன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும், மற்றொன்று புதுச்சேரிக்கும் போகின்றன. செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலையும், மரக்காணம் சாலையும், வந்தவாசிச் சாலையும் இங்கேதான் சேர்கின்றன. சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் விழுப்புரம், இதே வேலையை ரயிலுக்குச் செய்கிறது. செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளில் அங்கிருந்து தண்டவாளங்கள் பிரிகின்றன. சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் நடுவில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு ஊர்களையும் தொட்டுத்தான் போகும்.

குறுக்கே தண்ணீர் ஓடுகிறது. செஞ்சி மலைப்பக்கத்திலிருந்து வரும் வராக நதி வீடூர் அணையில் தேங்கி, சங்கராபரணி என்ற பெயரோடு புதுச்சேரிக்குப் போகிறது. விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணை. இரண்டும் மேற்கிலிருந்து கிழக்காக ஓட, நெடுஞ்சாலை வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது. இடைவெளியெல்லாம் ஏரிகள். ஒன்றின் கலிங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் வரும், அதன் கரை உடைந்தால் அதற்கடுத்த ஊருக்கு வரும். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மாவட்டம் ஏணி போலத் தெரியும். நெடுஞ்சாலை ஏணியின் கால், ஆறுகள் அதன் படிகள். படிகளில் நீர் ஏறிவிட்டால் இரண்டு படிகளுக்கு இடையில் இருப்பவர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

ஆகவே இங்கே அமைக்கப்படும் குழுவைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை படகு வைத்திருக்கிறது என்பது அல்ல. தண்ணீர் ஏறும்போது அது எந்தக் கரையில் நிற்கிறது என்பதே.

ஃபெஞ்சல், 2024

ஃபெஞ்சல் விழுப்புரத்துக்கு இரண்டு தண்ணீரைக் கொண்டுவந்தது. முதலாவது வானத்திலிருந்து நேராக வந்தது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர், திண்டிவனத்தில் 37 சென்டிமீட்டர் மழை பதிவானது. மயிலம் திண்டிவனத்துக்கு அருகில் உள்ள முருகன் கோயில் குன்று. மாவட்டத்தின் ஆண்டு மழையில் கணிசமான பங்கு ஓர் இரவில் அந்த வட்டாரத்தில் இறங்கிவிட்டது. திண்டிவனம், மரக்காணம், வானூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது, மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. பக்கத்திலேயே புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. அங்கே மீட்புக்கு ராணுவம் இறங்கியது.

இரண்டாவது தண்ணீர் ஒரு நாள் கழித்து, வேறு திசையிலிருந்து வந்தது. வலுவிழந்த புயல் மேற்கே நகர்ந்து திருவண்ணாமலையிலும் கிருஷ்ணகிரியிலும் கொட்டியது. டிசம்பர் 2 விடியும் முன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டு திருவெண்ணெய்நல்லூர், அரசூர் வட்டாரத்துக்குள் புகுந்தது. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓட, சென்னை-திருச்சி போக்குவரத்து நின்றது. அதே நாளில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. சில வண்டிகள் காட்பாடி வழியாகச் சுற்றிப் போயின.

இந்த வரிசைதான் கவனிக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை தேவை மாவட்டத்தின் வடகிழக்கில் இருந்தது, திங்கட்கிழமை தெற்குக்கு மாறிவிட்டது. ஞாயிறன்று மழையைப் பார்த்து எல்லாப் படகையும் திண்டிவனத்துக்கு அனுப்பும் அதிகாரி, மறுநாள் அதே படகுகளை விழுப்புரத்தைத் தாண்டி அரசூருக்குக் கொண்டுபோக நேரும். போகும் வழியே அப்போது ஆறாக ஓடிக்கொண்டிருக்கலாம். தென்பெண்ணைக்குத் தெற்கே ஓர் அணி முன்கூட்டியே நிற்க வேண்டும். மழை நின்ற பிறகும் அது கலையக் கூடாது. வானம் வெளுத்துவிட்டது என்று ஆட்கள் வீடு திரும்பும் வேளையில்தான் அணை நீர் வந்துசேரும்.

ஆட்கள்

தேசியப் பேரிடர் மீட்புப் படை, 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2006இல் அமைக்கப்பட்டது. தமிழகத்தில் இருப்பது அரக்கோணத்தில் உள்ள அதன் 4ஆவது பட்டாலியன். ஒரு பட்டாலியனில் 18 தேடுதல் மீட்பு அணிகள், ஓர் அணியில் 45 பேர் என்பது அதன் கட்டமைப்பு. பொறியாளர், எலக்ட்ரீசியன், மருத்துவ உதவியாளர், மோப்ப நாயுடன் வருபவர் எல்லாரும் அந்த 45க்குள் அடக்கம். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம், வந்தவாசி வழியாகத் திண்டிவனத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். புயல் எச்சரிக்கை வந்ததுமே அணிகளை முன்கூட்டி நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரே அரக்கோணத்தைப் பல மாவட்டங்கள் ஒரே நேரத்தில் கேட்கும். ஃபெஞ்சலின்போது திருவண்ணாமலையில் மண்சரிவில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தபோது தேடுதலுக்கு அந்தப் படை அங்கேயும் தேவைப்பட்டது.

மாநிலத்துக்கென்று தமிழ்நாடு பேரிடர் மீட்புப் படை உண்டு. தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் நிலையங்கள் இரண்டு ஊர்களிலும் இருக்கின்றன. ‘ஆப்த மித்ரா’ என்ற மத்தியத் திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ‘முதல்நிலைப் பொறுப்பாளர்கள்’ என்று வருவாய்த்துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்தப் பட்டியல்களில் பெயர் இருப்பது ஒன்று, தண்ணீர் வந்த இரவில் அந்த ஆள் ஊரில் இருப்பது வேறொன்று. சென்னைக்கு வேலைக்குப் போய்விட்ட இளைஞரின் பெயர் பட்டியலில் பல ஆண்டு நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பு, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசிச் சரிபார்ப்பதற்கு ஈடான தயாரிப்பு வேறில்லை.

பட்டியலில் பெரும்பாலும் விடுபடுபவர்கள் மீனவர்கள். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை கரையோரமாகக் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஃபைபர் படகும் அவுட்போர்டு இன்ஜினும் அங்கே அன்றாடப் பொருள்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி நகரத்துக்குள் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். கடலோடிக்குத் தெருவில் ஓடும் வெள்ளம் புதிதுதான். மதில் சுவர், மின்கம்பி, மூழ்கிய கார் எல்லாம் அடியில் இருக்கும். அதனால் படகில் அந்தத் தெருக்காரர் ஒருவரும் ஏற வேண்டும். கடல் தெரிந்தவரும் தெரு தெரிந்தவரும் ஒரே படகில் இருந்தால், வெளியூரிலிருந்து வரும் பெரிய அணியைவிட வேகமாக வேலை நடக்கும்.

கருவிகளும் உணவும்

விழுப்புரத்து வேலைக்கு முதலில் வேண்டியது மரம் அறுக்கும் இயந்திரம். சாலையோரப் புளியமரம் ஒன்று விழுந்தால் படகு ஏற்றிய லாரி அங்கேயே நின்றுவிடும். அடுத்தது ஏரிக்கரை உடைப்பை அடைக்க மணல் மூட்டையும் சவுக்குக் கம்பமும். சவுக்கு இந்தக் கடலோரத்திலேயே விளைகிறது. ஜேசிபி உரிமையாளர்களின் தொலைபேசி எண்கள், ஜெனரேட்டர், கயிறு, லைஃப் ஜாக்கெட், விசில் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இருப்பவை. குறுகிய தெருவுக்குள் நுழைய ‘குட்டியானை’ என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டி பெரிய லாரியைவிடப் பயன்படும். செல்போன் கோபுரங்களுக்கு மின்சாரம் போன பிறகு வயர்லெஸ் இல்லாத அணி காது கேளாத அணி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. போன் வேலை செய்யும்வரைதான் இவற்றாலும் பயன்.

உணவுக்கு அவல், பொட்டுக்கடலை, கடலை மிட்டாய். வேர்க்கடலைக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. தமிழக விவசாயிகள் அறிந்த ‘டிஎம்வி’ ரகங்களின் பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன, அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை.

தொற்றுநோயின்போது

ஜாம்பிக் கதைக்கு மிக நெருக்கமான நிஜம் வெள்ளம் அல்ல, தொற்று. 1890களின் இறுதியில் பிளேக் பரவியபோது சென்னை மாகாணத்தில் நோயுள்ள பகுதிகளிலிருந்து வந்த பயணிகளுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்து, அவர்கள் போய்ச் சேர்ந்த ஊரில் நாள்தோறும் சோதித்தார்கள். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது அதிகம் அடிபட்ட வெளிமாவட்டங்களில் விழுப்புரமும் கடலூரும் அடங்கும். சந்தையில் சுமை தூக்கியவர்களும் காய்கறி ஏற்றியவர்களும் ஊர் திரும்பிய வழி ஜிஎஸ்டி சாலை. வெள்ளத்தின்போது திறக்கப் போராடும் அதே சாலையை அப்போது மூட வேண்டியிருந்தது.

புதுச்சேரி எல்லையும் அடைக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தோடு கோணல் மாணலாகப் பின்னிக் கிடக்கும் எல்லை அது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்க்காரர்களும் பெரிய நோய்க்கு நாடிப்போகும் ஜிப்மர் மருத்துவமனை அந்தப் பக்கம் இருக்கிறது. விழுப்புரத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ முண்டியம்பாக்கத்தில், நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம். தொற்றுக்காலக் குழு இந்த இரண்டு வாசலில் எது திறந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு காலையும் தெரிந்துகொண்டுதான் நோயாளியை வண்டியில் ஏற்ற முடியும். இன்னொரு சிக்கல், குழுவே நோயைச் சுமந்து செல்லலாம். ஒரே அணி பல ஊர்களுக்குப் போகக் கூடாது என்பது வெள்ளக்கால வழக்கத்துக்கு நேர் எதிரான விதி.

வெளியேற மறுப்போர்

வீட்டை விட்டு வரமாட்டேன் என்பவர்களை எந்தக் கற்பனைத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. கடலோரத்தில் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டிருந்தும், கடைசி நேரம்வரை வீட்டிலேயே இருப்பவர்கள் உண்டு. திருட்டுப் பயம் ஒரு காரணம். பட்டா, ரேஷன் கார்டு, நகை இவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேரைத் தடுப்பது மாடு. தென்பெண்ணைக் கரையில் மாட்டை விட்டுவிட்டுப் படகேறச் சொன்னால் கேட்க மாட்டார்கள், மாட்டைப் படகில் ஏற்றவும் முடியாது. தண்ணீர் முழங்காலுக்கு வரும் முன்பே கட்டை அவிழ்த்து மேட்டுப் பக்கம் ஓட்டிவிட வேண்டும், கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும். நனைந்து இறுகிய தும்புக் கயிற்றின் முடிச்சு கையால் அவிழாது. அதனால் படகில் இருப்பவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கத்தி இருக்க வேண்டும்.