கடலோரத்து மாப்பிள்ளை

மாசி மகம் என்றால் புதுச்சேரியில் எங்களுக்கு வைத்திக்குப்பம் கடற்கரைதான். மயிலம் முருகன் தொடங்கி ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். ஆனாலும் காதலுக்கான திருநாள் எது என்று என்னைக் கேட்டால், அதே மகத்தில் காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் நடப்பதைத்தான் சொல்வேன்.

திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மீனவர் தலைவரின் மகள் பத்மினியை மணந்தவர் என்பது ஐதீகம். மீனவர்கள் அந்த உறவை இன்றும் விடவில்லை. கடலாடத் திருமலைராயன்பட்டினம் வரும் பெருமாளை ‘மாப்பிள்ளை’ என்றே அழைத்து, தோளில் சுமந்து மணலில் இறங்குகிறார்கள். பெண் கொடுத்த வீட்டாரின் உரிமை அந்தக் குரலில் அப்படியே தெரியும். சாதி பார்த்துக் காதலைப் பிரிக்கிற ஊர்களில் இந்தக் கதையை உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்த உறவுக்கு நடுவே ஒரு எல்லைக்கோடும் விழுந்தது. காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. திருக்கண்ணபுரமோ 1799-இல் தஞ்சைச் சீமையோடு ஆங்கிலேயக் கும்பினி வசம் போனது. 1954 நவம்பர் 1 வரை மாமனார் வீடு பிரெஞ்சு மண்ணில், மாப்பிள்ளை வீடு எல்லைக்கு அப்பால். கொடிகள் இறங்கிவிட்டன, மாப்பிள்ளை இன்றும் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரி எல்லை தாண்டித்தான் மாமனார் வீட்டுக்கு வருகிறார்.